ஏழாம் கட்டத்தை நான் அடித்த கதை

புள்ளிவிவர வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஊக்கம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை, முப்பது வருஷ வேலையில் தீர்ந்துவிட்டது. தப்புகள் நிறைய இருக்கின்றன, அதில் பெரிய ஒன்றைத் தருகிறேன். காவிரி டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு, நெல்லுக்குத் தண்ணீர் அப்படியொன்றும் முக்கியமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனவள் நான். அதற்கு ஒரு டெஸ்ட் எனக்குத் துணைக்கு நின்றது.

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வு நிலையம் சின்னது. ஒரு ஜீப், நான்கு கம்ப்யூட்டர், மழைக்கு ஒழுகுகிற ஒரு ரெக்கார்டு அறை. வருஷா வருஷம் சம்பா அறுவடை முடிந்ததும் அதே வீடுகளுக்குப் போய், அதே கேள்விகளைக் கேட்டு எழுதி வருவோம். இதற்குப் பேனல் டேட்டா என்று பெரிய பெயர். ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் தட்டுவது என்பதுதான் பொருள். மூன்றாவது வருஷம் போகும்போது தெரு நாய்கூட நம்மைப் பார்த்துக் குரைக்காது.

அந்த முறை கேள்வி ஒன்றே ஒன்றுதான். கீழ்வேளூருக்குக் கிழக்கே கடலைப் பார்த்து ஓடுகிற ஒரு கிளை வாய்க்காலில், கடைசிக் கோடியான கடைமடையில், தண்ணீரைத் தேக்கி வயலுக்குத் திருப்புகிற ஷட்டர்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. அவற்றைப் பழுது பார்த்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும். அப்படி நின்றால் விளைச்சல் கூடுமா? கூடும் என்றால் ஷட்டர் வேலை அந்த வருஷப் பட்டியலில் ஏறும். இல்லையென்றால் பட்டியலிலிருந்து இறங்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில்தான் வேலை செய்ய முடியும் என்பதால், சித்திரைக்குள் எங்கள் அறிக்கை போயாக வேண்டும்.

எங்களிடம் மூன்று வருஷத்துத் தகவல் இருந்தது. அதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு ஒப்பிடலாம்: வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கிற தலைமடைக்காரருக்குத் தண்ணீர் அதிக நாள், விளைச்சலும் அதிகம், கடைமடைக்காரருக்கு இரண்டுமே குறைவு. ஆனால் தலைமடைக்காரரின் மண் நல்ல மண்ணாக இருக்கலாம், அவரே கெட்டிக்காரராக இருக்கலாம், அந்தப் பெருமையெல்லாம் தண்ணீர் கணக்கில் ஏறிவிடும். அதனால் இரண்டாவது வழி: ஒரு வீட்டை அதே வீட்டோடு ஒப்பிடுவது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் தண்ணீர் கூடியதா, விளைச்சலும் கூடியதா? மண் அதே மண், ஆளும் அதே ஆள் என்பதால் இது சுத்தமான வழி என்று எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். இரண்டு வழியும் ஒரே பதிலைத் தருகிறதா என்று பார்ப்பதுதான் அந்த ஸ்பெசிஃபிகேஷன் டெஸ்ட். பதில்கள் பெரிதாக மாறுபட்டால் முதல் வழியைத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எழுதாத சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டெஸ்டை ஓட்டினேன். வீட்டுக்கு வீடு ஒப்பிட்டால் தண்ணீரின் பலன் பளிச்சென்று தெரிந்தது. வீட்டை அதே வீட்டோடு ஒப்பிட்டால் பலன் சுத்தமாக இல்லை. டெஸ்ட் கூரை பிய்கிற அளவுக்குக் கத்தியது. அதாவது, கடைமடையில் விளைச்சல் குறைவதற்குக் காரணம் தண்ணீர்க் குறைவு அல்ல, கடைமடைக்காரர்களின் சாமர்த்தியக் குறைவு என்று அர்த்தம்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. ஊர் உலகம் நம்புவதற்கு நேர்மாறாக ஒரு முடிவு வந்தால் எங்கள் வகையறாவுக்கு வருகிற குஷி தனி. அதற்கு மருந்து கிடையாது. எங்கள் இயக்குநர் அதற்கு மேல். "ஜர்னல்ல பேப்பர் ஆயிடும் மேடம்" என்று மூன்று முறை சொன்னார். "கடைமடையில ஒரு வீட்ட எடுத்துக்காட்டாப் போட்ருவோம். தண்ணி கூடியிருக்கணும், விளைச்சல் கூடியிருக்கக் கூடாது. போட்டோவோட பாக்ஸ் போட்டா படிக்கிறவங்க மனசுல நிக்கும்."

அப்படிப்பட்ட வீடு ஒன்று தயாராக இருந்தது. கலியபெருமாள் என்ற விவசாயியின் வீடு. தண்ணீர் வந்த நாட்கள் முதல் வருஷம் இருபத்து நான்கு, இரண்டாம் வருஷம் இருபத்திரண்டு, மூன்றாம் வருஷம் ஐம்பத்தெட்டு. மூன்றாம் வருஷம் விளைச்சல் ஒரு மா நிலத்துக்கு ஒரு மூட்டை குறைந்திருந்தது. தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் கூடி, நெல் குறைந்திருக்கிறது. பூ வைத்துப் பொட்டு வைத்து அலங்கரித்த மாதிரி ஓர் எடுத்துக்காட்டு. மறுநாளே போட்டோ எடுக்கக் கிளம்பிவிட்டேன்.

ஜீப்பை ஓட்டியவர் எங்கள் டிரைவர் ஆரோக்கியசாமி. திருவாரூர் தாண்டியதும் எதற்காகப் போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நெல்லுக்குத் தண்ணி வேணாங்கிறீங்க."

"வேணாம்னு சொல்லல. கூடுதல் நாளால பெரிய மாற்றம் இல்லன்னு டேட்டா சொல்லுது."

"சரிங்க மேடம். மேட்டூர்லேந்து இவ்வளவு தூரம் எதுக்குத்தான் தொறந்து விடுறாங்களோ."

அவருக்குப் புள்ளியியல் புரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த வாக்கியத்தை நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் நாளில் வண்டியைத் திருப்பிக்கொண்டு அலுவலகம் போய்விடுங்கள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வருஷா வருஷம் விளைச்சலை மாவுக்கு இரண்டு மூட்டை குறைத்தே சொல்வார். முழுசாகச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். உண்மையைச் சொல்லுங்கள் என்று அவரோடு நான் சண்டையே போட்டேன். எனக்கு மேலே இருந்த அதிகாரி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வருஷா வருஷம் அதே ரெண்டு மூட்டைதானே குறைக்கிறாரு? ஒரு வருஷத்திலேந்து இன்னொரு வருஷத்தக் கழிச்சா அந்தப் பொய் தானா அடிபட்டுப் போயிடும். அவரத் தொந்தரவு பண்ணாத. அவரு மனசு மாறி ஒரு வருஷம் உண்மையச் சொல்லிட்டாருன்னா அப்பதான் நமக்கு ஆபத்து." அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததோடு சரி, மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பங்குனி வெயில். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அதன் கடைசியில் அந்த ஷட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரும்புப் பலகையின் அடிப்பகுதி அரித்துப்போய், ஓட்டையில் மணல் மூட்டையும் வைக்கோலும் திணித்திருந்தார்கள். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து நின்றது. கலியபெருமாளின் மனைவி செல்வராணி உளுந்துச் செடி பறித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கை மண்ணைத் தட்டிக்கொண்டு வரப்பேறினார்.

"வாங்க மேடம். கணக்கெடுத்துட்டுத்தானே போனாங்க, மறுபடியும் என்னா?"

வீட்டுக்குப் போனோம். மோர் கொடுத்தார். எண்களைப் படித்துக் காட்டி, போன சம்பாவுக்குத் தண்ணீர் இவ்வளவு கூடியதற்கு என்ன காரணம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்கங்க கூடுச்சு? அதுக்கு முந்துன வருஷத்த விட அஞ்சு நாளு கொறவு."

"முந்தின வருஷம் இருபத்திரண்டுன்னு இருக்கே."

"அது அவரு சொன்னதுங்க. அதச் சொல்லிட்டு ஆவணியில சிங்கப்பூரு போயிட்டாரு. இந்தத் தடவ நான்ல சொன்னேன்."

எழுந்து அடுக்களைக்குள் போனார். அலமாரித் தட்டிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டு, அடியில் விரித்திருந்த பழைய மாதக் காலண்டர் தாள்களை உருவி எடுத்து வந்தார். மஞ்சள்தூள் கறைக்கு நடுவே, தேதிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது பக்கத்து வயல்காரரோடு தகராறு வரும் என்பதால், வயலுக்குள் தண்ணீர் ஏறிய நாளையெல்லாம் அவர் வட்டம் போட்டு வைப்பாராம். கல்யாணமானதிலிருந்து இந்தப் பழக்கம். இரண்டாம் வருஷத்து வட்டங்களை நான் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அறுபத்து மூன்று.

"அப்ப அவர் ஏன் இருபத்திரண்டுன்னு சொன்னாரு?"

செல்வராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்வதற்குப் பதிலாகக் கணவருக்கு வீடியோ கால் போட்டார். தலையில் ஹெல்மெட்டோடு கலியபெருமாள் திரையில் வந்தார்.

"ஏங்க, அந்தக் கணக்கெடுக்குற ஆபீஸ்லேந்து வந்து தண்ணி எத்தன நாளு வந்துச்சுன்னு கேக்குறாங்க."

"இருபதுன்னு சொல்லு."

"நான் அம்பத்தெட்டுன்னு சொல்லிப்புட்டேன்."

அந்தப் பக்கத்து மெஷின் சத்தத்தையும் மீறி, "கெடுத்த போ காரியத்த" என்றார். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று செல்வராணி சொன்னதும் மனிதர் வெட்கப்படவில்லை. எனக்கே விளக்கினார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். பைலு தூக்கிட்டு வர்றவங்ககிட்ட தண்ணி வந்துச்சுன்னு சொன்னா, இவனுக்குத்தான் வருதேன்னு எழுதிப்புடுவாங்க. மறுவருசம் அதுவும் வராது. கடைமடையில எல்லாருமே அப்படித்தாங்க சொல்லுவோம். மூணுல ஒரு பங்குதான் சொல்றது."

அவருடைய பொய்யில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் வருஷம் இருபத்து நான்கு, மறுவருஷம் இருபத்திரண்டு. தண்ணீர் குறைந்த வருஷம் பொய்யும் குறைந்தது. அவர் ஒருவரே தொடர்ந்து பொய் சொல்லியிருந்தால்கூட ஏதோ உருப்படியாகத் தெரிந்திருக்கும். நடுவில் புகுந்த உண்மைதான் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கியது. தண்ணீர் அறுபத்து மூன்றிலிருந்து ஐம்பத்தெட்டாகக் குறைந்தது, நெல்லும் ஒரு மூட்டை குறைந்தது. எங்கள் கம்ப்யூட்டரிலோ தண்ணீர் எகிறி, நெல் இறங்கியிருந்தது.

எதற்காக வந்தேன் என்று செல்வராணி கேட்டார். மறைக்க மனமில்லாமல் சொல்லிவிட்டேன். இந்த எண்களை வைத்து ஷட்டர் வேலை தேவையில்லை என்று எழுதவிருந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அப்ப நானும் பொய் சொல்லியிருக்கணுமாங்க?"

"நீங்க சொன்னது சரிதாங்க. தப்பு எங்க பக்கம்" என்றேன். அந்த நேரத்தில் அது ஒரு மரியாதைக்குச் சொன்னது. தப்பு யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ஞாயிறு. ரெக்கார்டு அறையைத் திறந்து மூன்று வருஷத்துப் படிவங்களையும் இறக்கினேன். முதல் பக்கத்தில் ஏழாவது கட்டம், 'பதில் சொன்னவர்'. குடும்பத் தலைவரா, மனைவியா, மகனா, குத்தகைக்காரரா என்று களப்பணியாளர்கள் ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் வெளிநாடு போவதும் வருவதுமாக இருக்கிற ஊர்களில் பாதிக்குப் பாதி வீடுகளில் பதில் சொன்ன ஆள் மாறியிருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டமே கிடையாது. பதிவு செய்கிறவர்களுக்குக் கொடுத்த பழைய குறிப்புத் தாளைத் தேடி எடுத்தேன். ஏழாம் கட்டத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, 'இது வேண்டாம், நேரம் வீண்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. என் கையெழுத்து எனக்கு எப்போதுமே பிடிக்கும், அழகாக இருக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். காலையில் இயக்குநர் அறையில், செல்வராணியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த காலண்டர் தாள்களை விரித்தேன். மஞ்சள்தூள் வாசனைக்கு அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"டெஸ்ட் இவ்வளவு தெளிவாச் சொல்லுது. நீங்க அடுக்களைக் காலண்டர நம்புறீங்க."

"சார், ரெண்டு ஒப்பீடும் ரெண்டு சாட்சி மாதிரி. ரெண்டு பேரும் வேற வேற சொல்றாங்கன்னுதான் டெஸ்ட் சொல்லுது. யாரு பொய் சொல்றாங்கன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டாவது சாட்சி யோக்கியன்னு அதுவா முடிவு பண்ணி வச்சிருக்கு."

"ஒரு வீட்டுல இப்படி இருக்கலாம்."

"ஆள் மாறின வீடெல்லாம் இப்படித்தான் சார். வீட்டுக்கு வீடு நிஜமான வித்தியாசம் நிறைய இருக்கு, அதுல இந்தக் குளறுபடி கொஞ்சம் அமுங்கிப் போகுது. அதே வீட்டுக்குள்ள வருஷத்துக்கு வருஷம் மாறுறது அஞ்சாறு நாள்தான். அதுல ஆள் மாறுனதால வந்த முப்பது நாப்பது நாள் பொய் ஏறி உக்காந்திருக்கு. கழிக்கக் கழிக்க நிஜம் கரைஞ்சு பொய் மட்டும் மிஞ்சுது. நாம அத எடுத்து வச்சு, தண்ணியால பலன் இல்லன்னு சொல்றோம்."

"முதல் ஒப்பீடு மட்டும் ஒழுங்கா?"

"அதுவும் ஒழுங்கு இல்லதான். கடைமடையில மூணுல ஒரு பங்கு சொல்றாங்களே. கோணலான ரெண்டு அளவுகோல ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்துட்டு, இதுதான் நேருன்னு சொல்லிட்டோம்."

அவர் மோசமானவர் இல்லை. பேப்பர் போய்விட்ட துக்கம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். "கையெழுத்துப் போட மாட்டீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன். "எத்தன நாள் வேணும்?" என்றார். மூன்று வாரம் என்றேன். அதுவும் ஒரு தப்பான மதிப்பீடுதான் என்று பின்னால் தெரிந்தது.

ஏழாம் கட்டத்தை எல்லாப் படிவங்களிலிருந்தும் திரும்பப் பதிவு செய்தோம். தண்ணீர் நாட்களுக்கு இன்னொரு சாட்சி வேண்டியிருந்தது. வாய்க்காலில் மதகு திறந்து மூடுகிற லஸ்கரிடம் தினசரி நீர்மட்டம் எழுதுகிற நோட்டு இருக்கும். அதைக் கேட்டு வாங்கினேன். அதுவும் வேதவாக்கு இல்லை. அடைமழை நாளில் மனிதர் வீட்டில் இருந்தபடியே உத்தேசமாக எழுதியிருப்பார், கையெழுத்தின் நிதானத்திலேயே தெரியும். ஆனால் லஸ்கரின் உத்தேசத்துக்கும் கலியபெருமாளின் பொய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியது. தனித்தனியாகத் தப்பு செய்கிற இரண்டு பேர் சேர்ந்து ஒத்துக்கொள்கிற இடத்தில் கொஞ்சம் உண்மை இருக்கும். ஒரே ஆள் பதில் சொன்ன வீடுகளைத் தனியாகவும் ஓட்டிப் பார்த்தேன். வீட்டை அதே வீட்டோடு ஒப்பிட்டாலும் தண்ணீருக்குப் பலன் தெரிந்தது. டெஸ்டும் இந்த முறை லேசாக முனகிவிட்டு அடங்கிப்போனது.

"தண்ணி வேணும்னு ஆயிடுச்சா மேடம்?" என்று ஆரோக்கியசாமி கேட்டார்.

"ஆயிடுச்சு."

"நல்லவேள" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நல்லவேளை இல்லை. மூன்று வாரம் என்று சொன்னது வைகாசிக் கடைசிவரை இழுத்துவிட்டது. அறிக்கை போய்ச் சேர்ந்தபோது அந்த வருஷப் பட்டியல் முடிந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் வருகிற நேரம், இனி அடுத்த கோடைதான் என்றார்கள். அடுத்த வருஷப் பட்டியலில் அந்த ஷட்டர் முதலிடத்தில் ஏறியது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஒரு சால்வைகூடப் போர்த்தினார்கள்.

ஐப்பசி மழையில் ஷட்டரின் மிச்சப் பலகையும் பிடுங்கிக்கொண்டு போனது. அதன் பிறகு வந்த தண்ணீரெல்லாம் வயலில் ஏறாமல் நேரே வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போயிற்று. மார்கழியில் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்தன என்று கேள்விப்பட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டத்தை அடிக்காமல் விட்டிருந்தால் தப்பு முதல் நாளே தெரிந்திருக்கும், சித்திரைக்குள் அறிக்கை போயிருக்கும். நான் மிச்சம் பிடித்தது படிவத்துக்கு அரை நிமிஷம். அந்த ஊருக்குப் போனது ஒரு போகம். இதை எந்தக் கணக்கில் போட்டாலும் எனக்கு ஆறவில்லை.

நான்காவது வருஷச் சுற்று என் பணிக்காலத்தின் கடைசிச் சுற்று. அந்த வீட்டுக்கு வேறு யாரையும் அனுப்பாமல் நானே போனேன். வயலில் அந்தத் தடவை உளுந்தும் இல்லை, ஈரம் இருந்தால்தானே முளைக்கும். செல்வராணி வாங்க என்றார், மோர் கொடுத்தார். தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். சிவப்புக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்துபோய், காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தார்.

வட்டங்களை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். இருபத்திரண்டு.

"அவரு சொன்ன இருபத்திரண்டு இந்த வருசம்தாங்க வந்துச்சு" என்றார் செல்வராணி.

தண்ணீர் வந்த நாட்கள் என்ற இடத்தில் எழுதினேன். அதே வீடு, அதே எண். கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு இரண்டாம் வருஷத்துப் பொய்யையும் நான்காம் வருஷத்து உண்மையையும் எந்த டெஸ்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. படிவத்தை மூடப்போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். ஏழாம் கட்டத்தில் மனைவி என்பதற்கு உண்டான இரண்டாம் எண்ணை நான் ஏற்கெனவே போட்டிருந்தேன்.

"இதுல நம்பரு வேணாங்க. என் பேரப் போடுங்க. இல்லன்னா மறுபடி அவருதான் சொன்னாருன்னு நெனச்சுக்குவீங்க."

அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். பொடி எழுத்தில், கோட்டைத் தாண்டி ஓரத்தில் போய், செல்வராணி என்று எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.